கண்ணாடி துடைத்தால் கை தூக்கு

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே! அவருக்கு அருகில் அமர்ந்து அடிக்கடி கடிகாரம் பார்க்கும் வட்டார அதிகாரி அவர்களே! விழா எடுத்து, விளக்குப் போட்டு, இந்த ஒலிபெருக்கியின் முன் எனக்கும் ஓர் இடம் தந்த தொண்டு நிறுவனத்தின் பொறுப்பாளர்களே! எனக்கு எழுத்தையும், எழுத்தோடு சேர்த்து வம்பையும் கற்றுத்தந்த ஆசிரியப் பெருமக்களே! வேலை முடிந்து முகம்கூடக் கழுவாமல் வந்து வரிசை வரிசையாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கும் தந்தைமார்களே, அண்ணன்மார்களே! மேடையின் கடைசி நாற்காலியில், மார்பில் குத்திவிட்ட ரிப்பன் பூவைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் அமர்ந்திருக்கும் என் அம்மாவே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சின்னப் பெண்ணின் பெரிய வணக்கம்.

கூப்பிய கை நடுங்குகிறது. பயப்படாமல் பேசு என்று சொல்லி அனுப்பினார் என் தமிழாசிரியை. பயப்படாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. ஆகவே பயந்துகொண்டே பேசுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

எனக்குத் தந்த தலைப்பு, ‘உலக வளர்ச்சியிலும் மக்களாட்சியிலும் குடிமக்கள் அமைப்புகளின் பங்கு’. சொல்லி முடிப்பதற்குள்ளேயே மூச்சு வாங்குகிறது. சிரியுங்கள் அத்தை, இப்போதே சிரித்துவிடுங்கள். போகப் போகச் சிரிக்க இடம் குறைவு.

இந்தத் தலைப்புக்குப் பேச்சும் எழுதியே கொடுத்தார்கள். கொண்டுவந்து தந்தவர் என் சித்தப்பா. அதோ, கதவருகே சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டு நிற்கிறாரே, நிறுவனத்தின் வேன் ஓட்டுநர், அவர்தான். தாளை என் கையில் வைத்து அவர் சொன்னது இவ்வளவுதான்: “அப்படியே ஒப்பிச்சிட்டு எறங்கிடும்மா. ஒரு கமாகூட மாத்தாத. என் வேலை உன் வாயில இருக்கு.”

ஒரு கமா விடாமல் மனப்பாடம் செய்தேன். நல்ல தமிழ்தான். ‘விளிம்புநிலை மக்களின் குரலாய் ஒலிக்கும் நிறுவனம்’ என்று ஓர் அழகான வரிகூட உண்டு. அந்த வரியில்தான் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. எங்கள் குரலாய் ஒலிக்கிறீர்களா? அப்படியானால் எங்கள் தொண்டையில் இருப்பது என்ன? முள்ளா? அந்தக் கேள்வி பிறந்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. வீடு உறங்கும் வேளையில் போர்வைக்குள் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, திருடியைப் போல, வேறொரு பேச்சை எழுதினேன். பொறுப்பாளர் அக்கா கையிலுள்ள தாளைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறார். தேடாதீர்கள் அக்கா. நான் பேசுவது அந்தத் தாளில் இல்லை.

பெரியோர்களே! மக்களாட்சி என்றால் என்ன? ஐந்தாண்டுக்கு ஒருமுறை விரலில் மை வைத்துக்கொள்வதா? மை காய்வதற்குள் மறந்துவிடுகிறார்களே, மற்ற நாளெல்லாம் எங்கே இருக்கிறது மக்களாட்சி? நான் சொல்கிறேன். அது இருந்தது மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் பின்னால், இஸ்திரி போடும் அறையில். அழுக்குத் துணி மூட்டைகளின் மேல் அமர்ந்திருந்தது. ஆவியில் வெந்துகொண்டிருந்தது. அதன் பெயர் எங்கள் தெருப் பெண்கள் சங்கம்.

அந்தச் சங்கம் பிறந்த கதை சண்டையில் தொடங்குகிறது. தெருவுக்கு ஒரே குழாய் இருந்த காலம். வரிசையில் யார் முந்தி என்ற வாக்குவாதம், வாய் கடந்து, வாளி வரை போயிற்று. முட்டைக்கார அத்தையின் நெற்றியிலும் எதிர்வீட்டுப் பெரியம்மாவின் புருவத்திலும் காயம். மருத்துவமனையில் இருவரையும் ஒரே கட்டிலில் உட்கார வைத்து ஒரே நர்ஸ் கட்டுப் போட்டார். அங்கே துணி எடுக்க வந்த என் அம்மா, அந்தச் சலவைக்கூடத்தில் இயந்திரம் ஓட்டுபவர், இருவரையும் பார்த்துச் சொன்னார்: “ரெண்டு பேரும் ரத்தம் பண்ணின பெட்ஷீட்ட துவைக்கப் போறது நான்தான். சண்டை போடணும்னா என் இஸ்திரி ரூமுக்கு வாங்க. அங்க வாளி கிடையாது.”

வந்தார்கள். வாளி இல்லாமல் சண்டை போட்டார்கள். சண்டை கூட்டமாயிற்று, கூட்டம் சங்கமாயிற்று. அந்தச் சங்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு. உலகத்தில் எந்த நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் அது இருக்காது. ஒரு கூட்டத்தில் எவள் அதிகம் கத்துகிறாளோ, அவளே அடுத்த கூட்டத்துக்குத் தலைவி! கத்தியவளுக்குத் தண்டனையா, பதவியா என்று கேட்கிறீர்களா? இரண்டும்தான். கத்தியவள் அடுத்த முறை வாயை மூடிக்கொண்டு மற்றவர்கள் கத்துவதைக் கேட்க வேண்டும். குறை சொன்னவளே தீர்வும் தேட வேண்டும். முட்டைக்கார அத்தைதான் விடாமல் தலைவி. “எனக்குப் பதவி வேணாம்டி, எவளாவது என்னைவிடச் சத்தமா கத்துங்கடி” என்று அவர் கெஞ்சியதை நானே கேட்டிருக்கிறேன். பதவியை விட்டுவிடக் கெஞ்சும் தலைவரை இந்த மேடை பார்த்திருக்கிறதா? தலைவர் அவர்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

அந்தச் சங்கம் சாதித்தது சின்னதுதான். மருத்துவமனைத் துணிக்குள் ஊசி கிடந்து கையில் குத்தும். சங்கம் போய் நின்றது, ரப்பர் கையுறை வந்தது. தெருமுனை இருட்டாக இருந்தது. சங்கம் போய் நின்றது, விளக்கு வந்தது. அப்படி நின்றபோது எங்களுக்குத் துணை நின்றதும் இதே தொண்டு நிறுவனம்தான். மனு எழுதச் சொல்லித்தந்தார்கள். வழக்கறிஞரை அழைத்துவந்தார்கள். அலுவலகத்தில் நாற்காலியில் உட்காரலாம், நின்றுகொண்டேதான் பேச வேண்டும் என்பதில்லை என்று என் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இந்தப் பொறுப்பாளர் அக்காதான். அதை நான் மறக்கவில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ய நான் இங்கே நிற்கவில்லை. என் அம்மாவுக்கு உட்காரச் சொல்லித்தந்தவர்கள், உட்கார வைத்தே வாயை மூடப் பார்க்கிறார்களே என்ற வயிற்றெரிச்சலில் நிற்கிறேன்!

கடலுக்கு அப்பாலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பணம் வந்தது. எங்கே கட்டலாம் என்று சங்கம் கூடிக் கத்திக் கத்தி முடிவு செய்தது. சலவைக்கூடத்துச் சந்து. இரவு வேலை முடிந்து வருகிறவளும் பிடிக்கலாம், விடியுமுன் போகிறவளும் பிடிக்கலாம். முடிவை நிறுவனத்துக்கும் சொன்னோம். தொட்டி எங்கே எழுந்தது? பெருஞ்சாலை ஓரத்தில், வட்டார அலுவலகத்தின் வேலிக்குள்! ஏன்? சந்தில் கட்டினால் பெயர்ப்பலகை யாருக்குத் தெரியும்? சாலையில் கட்டினால் காரில் போகிறவருக்கும் தெரியும். பலகை பளபளக்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீர் தள்ளிப்போயிற்று, தாய்மார்களே! அலுவலகம் மூடினால் வேலிக்கதவும் மூடும். வேலை முடித்து வருகிற என் அம்மா, பூட்டிய கம்பிக்குப் பின்னால் சொட்டும் குழாயைப் பார்த்துக்கொண்டு காலிக்குடத்தோடு திரும்புவார். தாகத்துக்குக் கட்டிய தொட்டியா அது? தாம்பாளத்தில் வைத்துக் காட்டக் கட்டிய தொட்டி!

அதிகாரி அவர்கள் கடிகாரம் பார்க்கிறார். இன்னும் கொஞ்ச நேரம்தான் ஐயா. குழாய்க் கதவு மூடுவதற்குள் முடித்துவிடுவேன்.

பணம் தந்த நாட்டிலிருந்து விருந்தினர் வரப்போகிறார், பயனாளிகளோடு பேசப்போகிறார் என்று செய்தி வந்தது. உடனே எங்கள் பள்ளிக்கூடத்திலேயே ஒத்திகை வைத்தார்கள். மக்கள் தங்கள் மனத்தில் உள்ளதைப் பேசுவதற்கு ஒத்திகை! பொறுப்பாளர் அக்கா எதையும் விளக்கமாகச் சொல்லக்கூடியவர். அன்றும் விளக்கினார்: “விருந்தினர் பேசுறது உங்களுக்குப் புரியாது. மொழிபெயர்க்கிறவர் சொல்றது பின்வரிசைக்குக் கேக்காது. அதனால நான் கண்ணாடியக் கழட்டித் துடைச்சா, எல்லாரும் கை தூக்குங்க. அவ்வளவுதான்.”

முட்டைக்கார அத்தை எழுந்து கேட்டார்: “கேள்வி என்னன்னு தெரிஞ்சுக்க வேணாமா?”

அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: “எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான் அத்தை.”

பெரியோர்களே, இதைவிடச் சுருக்கமாக, மக்களாட்சிக்கு யாராவது இரங்கல் உரை எழுத முடியுமா? எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்! கேட்பதற்கு முன்பே தயாரான பதில்! வாய் அவர்களுடையது, மொழி அவர்களுடையது, கண்ணாடி அவர்களுடையது. எங்களுடையது கை மட்டும். அதுவும் தூக்குவதற்கு மட்டும்!

விருந்தினர் வந்தார். நரைத்த தலை, சேற்றில் புதைந்து பழகிய காலணி, இனிமையான முகம். அன்றைக்கு மின்சாரம் நின்றுவிட்டது. கூடத்தில் காற்றே இல்லை. குழாய் இருக்கிறதா என்று கேட்டார். அக்கா கண்ணாடி துடைத்தார், கைகள் எழுந்தன. மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்டார். கண்ணாடி துடைத்தார், கைகள் எழுந்தன. புகைப்படக்காரர் ஓடி ஓடி எடுத்தார். ஒரு படை அணிவகுப்பில்கூட அப்படியோர் ஒழுங்கைப் பார்க்க முடியாது.

அதன்பிறகு விருந்தினர் தன் கோப்பை மூடி வைத்தார். கோப்பில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டார். தொட்டியை எங்கே கட்டுவது என்பதில் உங்கள் பேச்சைக் கேட்காமல் விட்டிருந்தால் கை தூக்குங்கள் என்றார். பின்வரிசைக்கு அது கேட்கவில்லை. முன்வரிசைக்குப் பாதிதான் கேட்டது. முழுதாகக் கேட்டவர் பொறுப்பாளர் அக்கா. அவர் முகம் வியர்த்தது. மூக்கில் கண்ணாடி வழுக்கியது, பனித்தது. பாவம், பழக்க தோஷம். கழற்றினார். முந்தானையால் துடைத்தார்.

அத்தனை கையும் எழுந்தது!

இப்போது சிரிக்கிறீர்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் திறந்த வாயை மூடவில்லை. ஏதோ பிழை என்று நினைத்த விருந்தினர் கேள்வியைத் திரும்பக் கேட்டார். இந்த முறை மொழிபெயர்ப்பாளர் உரக்கச் சொன்னார், கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. என்ன கேள்விக்குக் கை தூக்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கிற்று. அக்கா அவசர அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். என்ன பயன்? கையை இறக்குவதற்கு ஜாடை எதுவும் சொல்லித்தரவில்லையே!

முட்டைக்கார அத்தை பக்கத்திலிருந்த என் அம்மாவிடம் மெல்லக் கேட்டார்: “இறக்கிடலாமா?”

அம்மா கேட்டார்: “வலிக்குதா?”

“இல்ல.”

“அப்ப இருக்கட்டும்.”

இருந்தது. ஒரு கையும் இறங்கவில்லை. ஜாடைக்கு எழுந்த கைகள், ஜாடை இல்லாமல் நின்றன. தவறிப்போய் எழுந்த கைகள், தெரிந்தே நின்றன. சலவைச் சோடாவில் தோலுரிந்த கை, முட்டைக் கூடை சுமந்து காய்த்த கை, ஊசி குத்தித் தழும்பேறிய கை. அந்தக் கைகள் அன்றைக்குத்தான், முதன்முதலாக, அவரவர் தோளுக்குச் சொந்தமாயின!

என்ன நடந்திருக்க வேண்டும்? வேலிக்கதவைத் திறந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம், தவறு செய்துவிட்டோம் என்று சொல்லியிருக்க வேண்டும். நடந்தது என்ன? நிறுவனம் சொன்னது, “மக்களுக்குப் பயிற்சி போதவில்லை.” அலுவலகம் சொன்னது, “வெளியாளிடம் ஊர்மானத்தைக் கெடுத்த சங்கம்.” அதுவரை ஒரு மேசையில் உட்காராத அரசும் தொண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. எங்களை ஒடுக்குவதற்கு மட்டும் எப்படி இவ்வளவு ஒற்றுமை வருகிறது, ஐயா?

இதோ, நான் இறங்கியதும் தலைவர் ஒரு தீர்மானம் வாசிப்பார். தெருப் பெண்கள் சங்கம் கலைக்கப்படும். அதற்குப் பதில் ‘மக்கள் பங்கேற்புக் குழு’ என்று ஒன்று வரும். அதன் உறுப்பினர்களை நிறுவனம் தேர்ந்தெடுக்கும், அலுவலகம் ஒப்புதல் தரும். மக்கள் என்ன செய்வார்கள்? பங்கேற்பார்கள்! அந்தத் தீர்மானத்தை வழிமொழிவதற்குத்தான் என் அம்மாவை மேடையில் ஏற்றி, ரிப்பன் பூ குத்தி, உட்கார வைத்திருக்கிறார்கள்.

என்ன அண்ணே, “பெரியவங்க விஷயத்துல உனக்கென்ன” என்கிறீர்களா? தண்ணீர்க்குடம் என் இடுப்பிலும்தான் இருக்கிறது.

நேற்று மாலை சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. என் தந்தை தொலைதூரத்தில் வேலை பார்க்கிறார், பள்ளிக்குக் கட்டணம் கட்டுகிற நாளை நினைவு வைத்திருப்பவர் சித்தப்பாதான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு சொன்னார்: “அண்ணி, ஒரே வார்த்தை. ‘வழிமொழிகிறேன்’. சொல்லிட்டு உக்காந்துடுங்க. சொல்லலன்னா என் வேன் சாவியக் கேப்பாங்க.”

அம்மா காலிக்குடத்தைக் கவிழ்த்து வைத்தார். சித்தப்பாவுக்குக் கோபம் வந்தது. “சங்கம் சோறு போடுமா அண்ணி?”

“போடாது,” என்றார் அம்மா. “நாளைக்கு உங்க வேலை போனா, ஏன் போச்சுன்னு கேக்க வரும். வேற யாரு வருவாங்க சொல்லுங்க.”

சித்தப்பா சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்குத் தந்த தலைப்புக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த நூலகத்தில் கிடைக்கும், பெரியோர்களே? குடிமக்கள் அமைப்பின் பங்கு என்ன? ஒருவனுக்கு அநீதி நடந்தால், ஏன் என்று கேட்க நாலு பேர் வருவது. அந்த நாலு பேர் இருக்கும் தெருவில் மக்களாட்சி இருக்கிறது. அந்த நாலு பேரைக் கலைத்துவிட்டால், கட்டடம் இருக்கும், கொடி இருக்கும், பலகை இருக்கும், ஆள் இருக்கமாட்டார்கள்!

கடல் கடந்த அந்த நாட்டிலும் என் வயதில் ஒருத்தி இருப்பாள். முகம் தெரியாத எங்களுக்காக உண்டியலில் காசு போட்டிருப்பாள். அவளுக்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம் வருகிறது. அவள் காசு போட்டது மனிதர்களுக்கு. அவளுக்கு அனுப்பிய படத்தில் இருப்பதோ கை தூக்கும் பொம்மைகள். எங்களை மட்டுமா ஏமாற்றினார்கள்? அவளையும்தானே ஏமாற்றினார்கள்! உதவுகிறவனும் உதவி பெறுகிறவனும் ஒருவரையொருவர் நேரே பார்த்துப் பேச முடியாதபடி நடுவில் ஒருவர் நின்று கண்ணாடி துடைத்தால், அதற்குப் பெயர் வளர்ச்சியா?

பொறுப்பாளர் அக்கா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எங்கள் குரலாக வேண்டாம். எங்கள் பக்கத்தில் நில்லுங்கள், போதும். முன்பு நின்றீர்களே, கையுறை கேட்கப் போன அன்று, அப்படி நில்லுங்கள். அன்றைக்கு உங்களுக்கும் பயமாகத்தான் இருந்தது. எங்களில் ஒருத்தியாகத்தான் இருந்தீர்கள்.

ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்கிறார்கள் போலிருக்கிறது. நிறுத்தினால் கத்துவேன். கத்தினால் என்ன ஆகும்? எங்கள் சட்டப்படி அடுத்த கூட்டத்துக்கு நான்தான் தலைவி! இவ்வளவு கத்திவிட்டேன், இனி எனக்குத் தப்ப வழியில்லை. ஆனால் நான் தலைமை ஏற்க வேண்டுமென்றால் அடுத்த கூட்டம் நடக்க வேண்டும். கூட்டம் நடக்க வேண்டுமென்றால் சங்கம் இருக்க வேண்டும். அது இனி உங்கள் கையில்.

கையில் என்று சொன்னேன். கவனியுங்கள். தீர்மானத்தை வாசித்துவிட்டு, ஆதரிப்போர் கை தூக்குங்கள் என்பார்கள். யாராவது கண்ணாடி துடைக்கலாம். பழக்கத்தில் நம் கை தானாக எழும். தூக்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? சித்தப்பா, உங்களையும் கட்டாயப்படுத்த மாட்டேன். உங்கள் கை உங்களுடையது, சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். முட்டைக்கார அத்தையிடமும், எதிர்வீட்டுப் பெரியம்மாவிடமும், இங்கே வியர்வையோடு வந்திருக்கும் ஒவ்வொரு தாயிடமும் நான் கேட்பது ஒன்றே ஒன்று.

பேச்சை முடிக்கும்போது நன்றி சொல்லி வணங்க வேண்டும் என்பது மேடை மரபு. என்னைப் பேசவிட்ட அவைத்தலைவருக்கு நன்றி. நிறுத்த நினைத்தும் நிறுத்தாத ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி. பயந்தவள் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. இதோ வணங்குகிறேன். நீங்களும் எனக்கு வணக்கம் சொல்லுங்கள். சும்மா சொல்லாதீர்கள், கை இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துக் கூப்பிச் சொல்லுங்கள். அம்மா, நீங்களும். தீர்மானம் வாசிக்கட்டும், வாசித்து முடியட்டும், கூப்பிய கையைப் பிரிக்காதீர்கள். வணக்கம் சொன்னது குற்றம் என்று எந்த அலுவலகமும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. கூப்பிய கையைத் தூக்கிய கையாக எண்ண எந்த அதிகாரிக்கும் அதிகாரம் கிடையாது!

என் கை நடுக்கம் நின்றுவிட்டது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அனைவருக்கும் வணக்கம். கையை இறக்க மாட்டேன்.